நீளவாக்கில் மடித்த காகிதம்

அத்தியாயம் நான்கு

தன் கண்டுபிடிப்பு தப்பு என்பது இன்ஸ்பெக்டருக்குக் காலை பதினொன்று இருபதுக்குத் தெரியவந்தது. அதையும் அவராகக் கண்டுபிடிக்கவில்லை. குற்றவாளி என்று முந்தின நாள் அவர் எழுதிக் கொடுத்த பெண்ணே மாடிப்படி ஏறி வந்து, அவர் மேஜைமேல் கைப்பையை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டாள்.

"இந்த ரிப்போர்ட் நீங்க எழுதினதா?"

"ஆமாம்மா."

"நல்ல கையெழுத்து. எந்த ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டரா இருந்தீங்க?"

இந்தக் கேள்வியைப் பத்து வருஷமாக யாரும் கேட்டதில்லை. அவருடைய துப்பறியும் ஆபீஸின் வாசல் பலகையில் 'ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர்' என்று இருந்தது. படித்தவர்கள் மிச்சத்தை அவரவர் கற்பனையில் நிரப்பிக்கொண்டார்கள். அவரும் அதில் குறுக்கிடுவதில்லை.

"அது வந்து..."

"எடை அளவைத் துறை" என்றாள் பக்கத்து மேஜையிலிருந்த டைப்பிஸ்ட், தலையை நிமிர்த்தாமல். "இருபத்தெட்டு வருஷம் கடைக்காரங்க தராசுல முத்திரை குத்தினார். கொலைகாரன் யாராவது கால் கிலோ குறைச்சுக் கொலை பண்ணியிருந்தா உடனே பிடிச்சுடுவார்."

டைப்பிஸ்ட் அவருடைய உதவியாளர். கோர்ட்டில் இருபத்திரண்டு வருஷம் தீர்ப்புகளைத் தட்டச்சு செய்துவிட்டு, மற்றவர்கள் சொல்வதை அடித்தது போதும் என்று இங்கே வந்தவள். வந்த நாளிலிருந்து தான் சொல்வதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண்ணை எல்லோரும் ஜூனியர் என்பார்கள். வக்கீலின் ஜூனியர். வக்கீலுக்கு அக்கா மகளும்கூட. வக்கீல் என்றால், பத்து வருஷமாக நாடாளுமன்ற உறுப்பினர். ஆனாலும் வாட்ச்மேன் முதல் கட்சித் தலைவி வரைக்கும் அவரை இன்னும் 'வக்கீல்' என்றே கூப்பிட்டார்கள். கோர்ட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு அறையில் ஆரம்பித்தவர். வீட்டுக்காரர்கள் வெளியே தள்ளிய வாடகைக் குடித்தனக்காரர்களுக்காகவே இருபத்தாறு வருஷம் வாதாடினார். அந்தக் குடித்தனக்காரர்கள் ஓட்டுப் போட்டே அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போய் அவர் கொண்டுவந்த ஒரே மசோதாவும் வாடகைதாரர் பாதுகாப்பு மசோதாதான்.

மசோதாவின் பலவீனங்கள் என்ன, எதிர்க்கட்சி எங்கே அடிக்கும் என்று வக்கீல் தனக்காக ஒரு ரகசியக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். திங்கட்கிழமை சபையில் எதிர்க்கட்சியின் தாடிக்காரர் எழுந்து, அந்தப் பலவீனங்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, அதே வரிசையில், வக்கீலின் உவமைகளோடு சேர்த்தே வாசித்துவிட்டார். நாடே டி.வி.யில் பார்த்தது. குறிப்பைத் திருடி எதிரிக்குக் கொடுத்தது யார்? அதைக் கண்டுபிடிக்க இன்ஸ்பெக்டரை வைத்தார்கள். இரண்டே நாளில் கண்டுபிடித்தார். அந்த வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"நேத்து சாயங்காலம் மாமா என்னை வேலையை விட்டு நிறுத்திட்டார்" என்றாள் ஜூனியர். "இன்னைக்கு நாலு மணிக்குக் கட்சிக் கூட்டத்துல என் பேரை வாசிக்கப் போறார். வழக்கறிஞர் சங்கத்துக்கும் எழுதப் போறாங்களாம். நம்பினவங்க ரகசியத்தை வித்தவள்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, அப்புறம் எந்தக் கோர்ட்டுல நான் நிக்க முடியும்? அதனால ரெண்டே கேள்வி. ஒரே வார்த்தையில பதில் சொல்லுங்க போதும்."

இன்ஸ்பெக்டர் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார்.

"குறிப்பு வச்ச பீரோ சாவி என்கிட்ட இருக்கு, தாடிக்காரரோட செகரட்டரிகூட நான் கேன்டீன்ல காபி குடிச்சேன். இந்த ரெண்டைத் தவிர வேற சாட்சி இருக்கா?"

"இல்லை."

"தாடிக்காரர் சபையில எத்தனை பலவீனம் வாசிச்சார்?"

"பதினொண்ணு."

"நான் டைப் பண்ணினது ரெண்டாவது டிராஃப்ட். அதுல பத்துதான் இருக்கு. பதினொண்ணாவது வெள்ளிக்கிழமை மூணாவது டிராஃப்ட்ல சேர்ந்தது. வியாழக்கிழமையிலேர்ந்து திங்கள் வரைக்கும் எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் ஆஸ்பத்திரியில இருந்தேன். லீவு ரிஜிஸ்தரைப் பாக்கலையா நீங்க?"

"பார்த்தேனே! நீங்க தினமும் வந்திருக்கீங்க."

"எந்த மாசம் பார்த்தீங்க?"

இன்ஸ்பெக்டர் தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். புரட்டிக்கொண்டே இருந்தார். அவர் பார்த்தது போன மாசத்துப் பக்கம்.

"ரெண்டு கேள்வின்னீங்க, நாலு கேட்டுட்டீங்க" என்றார் பலவீனமாக.

"சார், பன்னிரண்டாவது பலவீனம் நீங்கதான்" என்றாள் டைப்பிஸ்ட்.

ஜூனியர் சிரிக்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "நாலு மணிக்குள்ள நிஜத்தைக் கண்டுபிடிங்க. இல்லைன்னா தப்புன்னாவது எழுதிக் கொடுங்க. நான் மாமா ஆபீஸ் வராண்டாவுல உட்கார்ந்திருப்பேன்."

அவள் செருப்புச் சத்தம் படியிறங்கி மறைந்தது. "சபையில தாடிக்காரர் பேசின வீடியோவைப் போடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

திரையில் தாடிக்காரர் கையை வீசிப் பேசினார். மூன்றாவது முறை ஓடும்போது டைப்பிஸ்ட் திடீரென்று நாற்காலியோடு முன்னால் நகர்ந்தாள்.

"நிறுத்துங்க. கையில இருக்கிற பேப்பரைப் பாருங்க."

"பேப்பர்தான். வெள்ளையா இருக்கு."

"ஆகா, என்ன கூர்மை! நடுவுல கோடு தெரியுது பாருங்க. மேலேர்ந்து கீழே, நேரா. நீளவாக்குல ரெண்டா மடிச்ச பேப்பர். நாடாளுமன்றத்துல எவனாவது பேப்பரை இப்படி மடிப்பானா? எல்லாம் ஃபைல்ல தட்டையா கிடக்கும். இது கோர்ட்டு மடிப்பு. மடிச்சு, முதுகுல என்ன பேப்பர், யாருக்குன்னு எழுதுவாங்க. இருபத்திரண்டு வருஷம் இந்த மடிப்பைப் பிரிச்சுப் பிரிச்சே என் நகம் தேஞ்சுது."

"அப்படின்னா கொடுத்தது கோர்ட்டுல பழகின கை."

"வக்கீல் ஆபீஸ்ல கோர்ட்டுல பழகினவங்க மூணே பேர். வக்கீல், ஜூனியர், குமாஸ்தா."

இன்ஸ்பெக்டர் எழுந்து அறையில் நடந்தார். அறை சின்னது. நான்கு எட்டில் சுவர் வந்துவிட்டது. குமாஸ்தாவை அவர் பார்த்திருக்கிறார். முப்பத்து நாலு வருஷமாக வக்கீலோடு இருப்பவர். தகரக் கூரை அறையிலிருந்து நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகம் வரை கேஸ் கட்டுகளைத் தைக்கிற அதே ஊசி, அதே நூல் உருண்டையோடு வந்தவர். வக்கீல் தும்மினால் இவர் கைக்குட்டையை எடுப்பார். அந்த மனிதரா எதிரியிடம் போவார்?

"முதல்ல அந்தப் பேப்பரோட முதுகைப் பார்க்கணும்" என்றார். "தாடிக்காரர் ஆபீஸுக்குள்ள எப்படி நுழையறது? நான் ஏ.சி. மெக்கானிக்கா போறேன். நீ வெளியே நின்னு இருமு. ஒரு இருமல்னா ஆள் வர்றான். ரெண்டு இருமல்னா..."

"மூணு இருமல்னா டாக்டரைக் கூப்பிடுங்க. வாங்க சார், போவோம்."

உறுப்பினர்களின் அலுவலகங்கள் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருந்தன. ஆளும் கட்சி இரண்டாவது மாடி, எதிர்க்கட்சி ஐந்தாவது மாடி. இன்ஸ்பெக்டர் நீல நிறத் தொப்பி போட்டு, ஒரு திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினார். ஐந்தாவது மாடிக் கதவு திறந்ததும் டைப்பிஸ்ட் நேரே உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னால் செகரட்டரி பெண் ஒருத்தி முத்திரை மையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீல் சாரோட குறிப்பு ஒண்ணு உங்ககிட்ட இருக்கே, அதைக் கொஞ்சம் பார்க்கலாமாம்மா?"

"எதைப் பார்க்கணும்?" என்றாள் செகரட்டரி. "நாப்பத்தொண்ணு இருக்கு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

செகரட்டரி ஒரு இரும்பு அலமாரியைத் திறந்தாள். உள்ளே, நீளவாக்கில் மடித்த காகிதங்கள், தேதிவாரியாக, வெள்ளை நூலில் கட்டி அடுக்கியிருந்தன. "ரெண்டு வருஷமா ஒரு பெரியவர் கொண்டுவந்து கொடுக்கிறார். எப்பவும் பகல் பன்னிரண்டு மணிக்குள்ள. கொடுத்துட்டு, நோட்டுல என் கையெழுத்து வாங்கிக்குவார். முத்திரை வேற கேட்பார். முதல் நாள் எங்ககிட்ட முத்திரை இல்லைன்னு, 'ஒரு ஆபீஸ்னா முத்திரை வேண்டாமா?'ன்னு திட்டிட்டுப் போயிட்டார். அப்புறம் அவருக்காகவே ஒண்ணு செஞ்சு வாங்கினோம்."

"நீங்க இதையெல்லாம் படிச்சீங்களா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"எங்க சார் தொடவே கூடாதுன்னுட்டார். 'எதிரி தன் ரகசியத்தைத் தானே, கையெழுத்து வாங்கிட்டுக் கொடுக்கிறான்னா அது பொறி. படிச்சா மாட்டிக்குவோம்'ன்னார். இந்தப் பொறியைப் பத்தி ஆராய மூணு பேரு குழுகூடப் போட்டோம். பொறி எங்கேன்னே கண்டுபிடிக்க முடியலை. போன வாரம் புதுசா வந்த பையன் ஒருத்தனுக்கு இது எதுவும் தெரியாது. படிச்சுட்டு, 'சார், பாயிண்ட் எல்லாம் பிரமாதம்'ன்னு எங்கேர்ந்து வந்ததுன்னு சொல்லாம அவர்கிட்ட எடுத்துக்கிட்டுப் போய்க் கொடுத்துட்டான்."

டைப்பிஸ்ட் மேலே இருந்த காகிதத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினாள். அவள் பேசாமலிருந்தது அவரை முதலில் பயமுறுத்தியது. அப்புறம் காகிதம்.

"இதை ஒரு மணி நேரத்துக்குக் கடனா கொடுப்பீங்களாம்மா?"

"கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் செகரட்டரி. "அந்தப் பெரியவர்கிட்ட கத்துக்கிட்டது."

இரண்டாவது மாடியில், வக்கீல் அலுவலகத்தின் முன்னறையில், குமாஸ்தா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். வராண்டா பெஞ்சில் ஜூனியர் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நுழைந்த இருவரையும் பார்த்து அவளும் எழுந்து வந்து கதவோரம் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு நீண்ட விசாரணைக்குத் தயாராக வந்திருந்தார். சுற்றி வளைத்துப் பிடிப்பதற்கு ஒன்பது கேள்விகள் வைத்திருந்தார். முதல் கேள்வியைக் கேட்க வாயைத் திறப்பதற்குள் குமாஸ்தா அவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துவிட்டார்.

"அது எதிர்த்தரப்பு நகலாச்சே! திருப்பி அனுப்பிட்டாங்களா? வாங்கிக்க மாட்டேன்னாங்களா?" என்று பதறினார்.

"ஐயா, இதை நீங்கதான் கொடுத்தீங்களா?"

"பின்னே? எதிர்த்தரப்புக்கு நகல் கொடுக்காம பேப்பரை எப்படி ஃபைல் பண்றது? கேஸே தள்ளுபடியாயிடுமே." இழுப்பறையைத் திறந்து நீளமான நோட்டு ஒன்றை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதி, கையெழுத்து, ஊதா முத்திரை. "ஒண்ணுகூட விட்டதில்லை. மழை நாள்லகூடக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கேன்."

"யார் சொல்லிக் கொடுத்தாங்க?"

"சார்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பத்தொன்பது குடித்தனக்காரங்க கேஸு. எதிர்த்தரப்புக்கு நகல் போகலைன்னு ஜட்ஜு பேப்பரைத் தூக்கிப் போட்டுட்டார். அத்தனை குடும்பமும் தெருவுக்கு வந்துடுச்சு. அன்னைக்கு சார் என்னைப் பார்த்துக் கத்தினார். 'இந்த மேஜையிலேர்ந்து எது போனாலும் எதிர்த்தரப்பு நகல் முதல்ல போகணும். என்னைக் கேட்காதே'ன்னார். அதிலேர்ந்து நான் கேட்கிறதில்லை."

"ஆனா இது நாடாளுமன்றம் ஆச்சே, ஐயா" என்றாள் டைப்பிஸ்ட், வழக்கத்துக்கு மாறாக மெதுவாக.

"ஜெயிச்ச அன்னைக்கு அதையும் கேட்டுட்டேன்மா. 'சார், இனிமே என் வேலை என்ன?'ன்னேன். 'பெரிய கோர்ட்டுக்கு வந்திருக்கோம், அவ்வளவுதான். வேலை அதே வேலை'ன்னார். இங்கே எந்தப் பேப்பருக்கு நகல் போகணும்னு எனக்குப் புரிய எட்டு வருஷம் ஆச்சு. சாரோட சொந்த மசோதா வந்ததும் சரின்னு ஆரம்பிச்சுட்டேன்." மூன்று முகங்களையும் பார்த்தார். கையிலிருந்த ஊசி தாழ்ந்தது. "ஏம்மா, ஏதாவது தப்பாயிடுச்சா?"

ஜூனியர் நோட்டின் மேல் கை வைத்தபடி நின்றாள். வாயைத் திறந்தால் அழுகை வருமா சிரிப்பு வருமா என்று அவளுக்கே தெரியாததுபோல் இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு நான்கு பேரும் வக்கீலின் அறையில் நின்றார்கள். கூட்ட அறை அடுத்த கதவு. நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொல்லி முடித்தார். தன் ரிப்போர்ட் தப்பு என்பதை நடுவில் வேகமாகச் சொல்லிக் கடக்கப் பார்த்தார். "அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லுங்க, சார்" என்று டைப்பிஸ்ட் நிறுத்திச் சொல்ல வைத்தாள்.

வக்கீல் எழுந்தார். வாதம் என்று வந்தால் உட்கார்ந்து பேச அவருக்கு வராது. தோளில் இல்லாத அங்கியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"இந்த வயசுல என் மானத்தை வாங்கிட்டீரே, ஐயா!" என்றார் குமாஸ்தாவைப் பார்த்து. அப்புறம் ஜூனியரிடம் திரும்பினார். "சரிம்மா, உன் பேரை எடுத்துடறேன். குமாஸ்தா பண்ணின தப்புன்னு சொல்லிடறேன். வயசானவர், புரியாம செஞ்சுட்டார். கட்சியும் பெரிசா எடுத்துக்காது."

"நான் ராஜிநாமா எழுதிக் கொடுத்துடறேன் சார்" என்றார் குமாஸ்தா. நோட்டை மார்போடு அணைத்திருந்தார்.

இன்ஸ்பெக்டருக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஜூனியர் தப்பிவிட்டாள். நாலு மணிக்குள் வேலையும் முடிந்தது. இதோடு கிளம்பிவிடலாம் என்று நினைத்தார். நினைத்ததற்காக உடனே வெட்கப்படவும் செய்தார். ஆனால் வாயைத் திறந்தது அவர் இல்லை.

"மாமா, ஒரு நிமிஷம்" என்றாள் ஜூனியர். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, மடிப்பை மூடி, முதுகுப் பக்கத்தை வக்கீலின் முன் நீட்டினாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிங்க."

"எதிர்த்தரப்புக்கு நகல்."

"அதுக்குக் கீழே?"

வக்கீல் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. அந்த வளைந்த ஆரம்பமும் வால் நீண்ட முடிவும் அவர் முகத்தைவிட நாட்டுக்கு நன்றாகத் தெரிந்தவை.

"யாருடைய கையெழுத்து, மாமா?"

"என்னுது."

"மேலே அலமாரியில நாப்பது இருக்கு. எல்லாத்துலயும் இருக்கு."

"காலையில அவர் கட்டா கொண்டுவந்து வைப்பார். நான் போட்டுடுவேன். முப்பத்து நாலு வருஷமா அவர் வச்ச இடத்துல போடறேன். படிச்சதே இல்லை." வக்கீல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கொண்டுபோனது அவர். அனுப்பினது நீங்க. என் பேரை வாசிக்க இருபத்தாறு பேரைக் கூட்டியிருக்கீங்க. அவங்க எல்லார் கையிலயும் இவரோட ரிப்போர்ட் இருக்கு. என் பேரை எங்கே கெடுத்தீங்களோ, அங்கேயே சொல்லுங்க. குமாஸ்தா ஐயா பேரைச் சொல்லி இல்லை."

அடுத்த அறையில் யாரோ மேஜையைத் தட்டினார்கள். வக்கீல் கதவைப் பார்த்தார். "சிரிப்பாங்கம்மா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"சிரிக்கட்டும்."

அவர் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு முழுதாக மூடவில்லை. வெளியே நின்றவர்களுக்கு எல்லாம் கேட்டது. முதலில் கனைப்பு. பிறகு, கோர்ட்டில் எதிரியைக் கிழிக்கும்போது வரும் அதே குரல், இந்தத் தடவை தன்னையே கிழித்துக்கொண்டு. "கனம் உறுப்பினர்களே, துரோகியைக் கண்டுபிடித்துவிட்டோம். அவன் நாற்பத்தொரு தடவை கையெழுத்துப் போட்டுவிட்டே துரோகம் செய்திருக்கிறான். அவனுக்கு இரண்டு முறை ஓட்டுக் கேட்டு நீங்களே ஊர் ஊராகப் போயிருக்கிறீர்கள்." அப்புறம் சிரிப்பு ஓரிடத்தில் தொடங்கி அறை முழுக்கப் பரவியது. கட்சித் தலைவியின் சிரிப்பு மட்டும் எல்லோரும் நிறுத்திய பிறகும் நிற்கவில்லை.

சிரிப்பு அடங்கியதும் வக்கீலின் குரல் மறுபடி கேட்டது. "இதைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். என் ஜூனியர் மேல் சொன்ன குற்றம் பொய். சொன்னவன் நான். எழுதினீர்களா? வாசியுங்கள்."

"அந்தத் துப்பறிகிறவர் எங்கே?" என்றாள் தலைவி. "அவரையும் வரச் சொல்லுங்க."

இன்ஸ்பெக்டர் படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். படிக்கட்டுக்கும் அவருக்கும் நடுவில் டைப்பிஸ்ட் நின்றிருந்தாள்.

உள்ளே போய், இருபத்தாறு தலைகளுக்கு முன்னால், தான் போன மாசத்துப் பக்கத்தைப் பார்த்து இந்த மாசத்துக் குற்றவாளியைப் பிடித்த கதையைச் சொன்னார். எதையும் வேகமாகக் கடக்கவில்லை. சிரிப்பை எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. இருபத்தாறு பேரும் அவரவர் கையிலிருந்த ரிப்போர்ட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். சிரித்திருக்கலாம் என்று தோன்றியது அவருக்கு.

அவர் வெளியே வந்தபோது வக்கீல் தன் அறையில் உட்கார்ந்து, ஜூனியரின் வேலை நீக்கத்தை ரத்து செய்து நாலு வரி எழுதி முடித்திருந்தார். ஜூனியர் அதை நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். தேதி இல்லை என்று காட்டினாள். வக்கீல் தேதி போட்டுக் கொடுத்தார்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு. மசோதாவைப் பதினொரு இடத்துலயும் திருத்தணும். உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?"

"வரலை, மாமா. தனியா போர்டு மாட்டப் போறேன்."

"கோபமா?"

"கோபம்தான். ஆனா அது மட்டும் இல்லை. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்கிற வக்கீல்கிட்ட வேலை பார்க்கணும்னு ஆசையா இருக்கு."

"அப்படி ஒருத்தர் இந்த ஊர்ல யாரும்மா இருக்கா?"

"நான் இருக்கேன்" என்றாள்.

வக்கீல் எழுந்து போய் அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அவள் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, குமாஸ்தாவிடம் "வரேன் ஐயா" என்று சொல்லிவிட்டு, வராண்டாவில் நடந்து போனாள்.